ஆறாவது எங்கே படித்தது?

என் அண்ணன் ஆண்ட்ரூஸ் கணக்கு வாத்தியார். எங்கள் ஊர் ஆவூரில் மாதா கோயிலை ஒட்டியிருக்கும் மிஷன் நடுநிலைப் பள்ளியில் வேலை. பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், ஆவூரைச் சுற்றியுள்ள பிள்ளைகளெல்லாம் மார்க்கை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குத்தான் ஓடும். போன வருடக் கட்-ஆஃப் என்ன, எந்தப் பிரிவுக்கு எத்தனை இடம், எந்தக் காலேஜ் கிடைக்கும் என்று செல்போனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துச் சொல்லுவார். பக்கத்துத் தெரு பெலிக்ஸ் மகனுக்குச் சேலம் காலேஜ் கிடைக்கும் என்றார், சேலமே கிடைத்தது. அன்றிலிருந்து மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

என் மகள் ஜாஸ்பின் நீட் எழுதிவிட்டு வந்த மறுநாளே அவளை உட்காரவைத்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு மார்க்கைக் கூட்டிப் போட்டார். பொதுப் பட்டியலில் இந்த மார்க் எட்டாது என்றார். உடனே சிரித்தார். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு ஏழரை சதவீத இடத்தைத் தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், அதில் நம் பிள்ளைக்கு எம்பிபிஎஸ் உறுதி என்றார்.

“திருச்சியா தஞ்சாவூராங்கிறதுதான் கேள்வி மேரி. சீட்டு கெடைக்குமான்னு கேக்காத.”

நான் சும்மா இருக்கிறவள் இல்லை. எதற்கும் விவசாயப் படிப்பு அக்ரிக்கு ஒரு அப்ளிகேஷன் போட்டு வைப்போமே என்றேன். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. ஊரே என்னை நம்புகிறது, கூடப்பிறந்தவள் நீ நம்பமாட்டாயா என்று கத்தினார். சரி போ என்று விட்டுவிட்டேன். அக்ரிக்குக் கடைசித் தேதியும் போனது.

நீட் ரிசல்ட் வந்தபோது அவர் கூட்டிய மார்க் அப்படியே இருந்தது. குவைத்தில் லாரி ஓட்டும் என் வீட்டுக்காரர் சந்தனராஜ் போனில் ஓவென்று அழுதார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பங்குச் சாமியார் ஜாஸ்பின் பெயரைச் சொல்லி வாழ்த்தினார். என் பிள்ளை கண்ணாடி முன்னால் நின்று, “எங்க வலிக்குது, சொல்லுங்க” என்று தனக்குத்தானே பேசிப் பார்த்ததை நான் கதவோரம் நின்று பார்த்தேன். சத்தமில்லாமல் வந்துவிட்டேன்.

அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றிதழில் கல்வி அலுவலகக் கையெழுத்து ஒன்று பாக்கி. அண்ணன், ஜாஸ்பின், நான் மூன்று பேரும் கீரனூரில் பஸ் மாறிப் புதுக்கோட்டை போனோம். சரண்யா என்ற பெண்தான் அந்த வேலையைப் பார்க்கிறாள். மரியாதையாக உட்காரச் சொன்னாள். ஒன்பதிலிருந்து கீரனூர் அரசுப் பள்ளி, அது சரி என்றாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்.

“ஆறாவது எங்கங்க படிச்சது?”

“நம்ம ஸ்கூலுதாங்க. எட்டாவது முடிய நான்தான் கணக்கு எடுத்தேன்” என்றார் அண்ணன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

“அது எய்டட் ஸ்கூலு சார். கவர்மெண்டு ஸ்கூல் இல்லையே. பாப்பா இந்த ஏழரை சதவீதத்துல வராதுங்க.”

அண்ணன் சிரித்தார். இருபது வருடமாக எனக்குச் சம்பளம் போடுவது கவர்மெண்டு, புத்தகம் கவர்மெண்டு, சத்துணவு கவர்மெண்டு, பிறகு அது யார் பள்ளி என்று கேட்டார். பிரைவேட் பள்ளியில் இலவச இடத்தில் எட்டாவது வரை படித்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கே கொடுக்கிறார்கள், நமக்கு இல்லாமலா போகும் என்றார். அவர் சொன்னதற்கெல்லாம் சரண்யா ஆமாம் ஆமாம் என்றாள். அவர்களைச் சட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள், எய்டட் பள்ளியைச் சேர்க்கவில்லை என்றாள். அண்ணன் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

மாதாவே! எதிரே அவள் வாய் அசைகிறது, ஒரு சொல்லும் உள்ளே ஏறவில்லை. ஜாஸ்பின் மட்டும் பொதுப் பட்டியலில் எனக்கு வராதா அக்கா என்று கேட்டாள். சரண்யா மார்க்கைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கிறாயா என்றாள்.

வெளியே வந்ததும் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும்.

“எங்க வீட்டுக்குப் பக்கத்துலயே கவர்மெண்டு ஸ்கூல் இருந்துச்சேண்ணே. அங்க சேக்கப் போனவளைத் தடுத்து ஒங்க ஸ்கூலுக்கு ஏன் இழுத்துட்டுப் போனீங்க?”

அவர் ஜாஸ்பினைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

“அந்த வருசம் பிள்ளைக கொறஞ்சு போச்சு மேரி. இவளும் வரலைன்னா என் போஸ்ட்டை எடுத்திருப்பாங்க.”

இத்தனை வருடத்தில் இதை அவர் மூச்சு விட்டதில்லை. நம் சபைப் பள்ளி, ஒழுக்கம் வரும், மாமன் பார்வையில் இருப்பாள் என்றுதான் அன்றைக்குச் சொன்னார். அடப்பாவி மனுஷா என்று கத்தினேன். அடிக்கக் கை ஓங்கியிருப்பேன். ஜாஸ்பின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

பஸ் பிடித்து ஊருக்குள் இறங்கி வீட்டுக்கு வந்தால் வாசலில் மேலத்தெரு சந்தனம் தன் மகளோடு காத்திருந்தாள். ஐந்தாவது முடித்த குட்டி. எங்களைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாக ஓடிவந்து ஜாஸ்பின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, இவளையும் உங்கள் பள்ளியிலேயே சேர்த்து நம் ஜாஸ்பின் மாதிரி டாக்டராக்கிவிடுங்கள் என்றாள்.

நான் அண்ணனையே பார்த்தேன். அவர் நாளைக் காலையில் டிசியோடு வரச் சொன்னார். சொன்னார்! புதுக்கோட்டையிலிருந்து வந்த செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை.

ஜாஸ்பின் அந்தக் குட்டியின் தலையில் கைவைத்தாள். காலையிலிருந்து அழாத பிள்ளைக்கு அப்போதுதான் கண் நிறைந்தது.

“டாக்டராகணும்னா அங்க சேக்காதீங்க அத்தை. கவர்மெண்டு ஸ்கூல்ல சேருங்க. எனக்கு சீட்டு இல்லைன்னுட்டாங்க.”

சந்தனத்துக்கு ஒன்றும் புரியவில்லை. பிள்ளை ஏதோ உளறுகிறது என்று நினைத்தாளோ என்னவோ, அண்ணனிடமே கேட்டாள், அப்படியா வாத்தியாரே என்று. அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

“ஆமா சந்தனம். பிள்ளை சொல்றதுதான் சரி” என்றார்.