மூன்று நாள் காய்ச்சல்

கருவாடு போடக் கட்டா மீனின் முதுகைப் பிளந்து உப்பை உள்ளே அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. கைருன்னிஸா கத்தியைப் போட்டாள். கை முழுக்கச் செதிளும் இரத்தமும். புறங்கையால் பச்சைக் குறியை இழுத்துப் பார்த்தாள்; அசையவில்லை.

"ஸஃப்னா! ஓடி வா புள்ள, ஆஸ்பத்திரி!"

மகள் ஓடிவந்து எடுத்து, ஒலியைக் கூட்டி, உம்மாவின் வாய்க்கு நேரே பிடித்தாள்.

வாசல் படலையில் தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டியிருந்தது. ஆள் போகவோ வரவோ கூடாது. மீன் வரலாம். முதலாளி ரிஃபாஸ் விடியவே வேலிக்கு மேலால் கூடையை இறக்கிவிட்டு, எட்ட நின்று, "வெயில் இருக்கக்குள்ள முடிச்சிடுங்க" என்று கத்திவிட்டுப் போவார். அவருடைய வள்ளத்தில்தான் அவள் புருஷன் றஸீன் கடலுக்குப் போய்வந்தான். இப்போது ஐ.சி.யூ.வில் பெரிய ஒட்சிசன் மெசினின் முகமூடியோடு கிடக்கிறான்.

"ராத்தா, நான் ஃபைஸல். இங்க அட்டெண்டன். டொக்டருக்குத் தமிழ் வராது, அதுதான் என்னக் கேட்கச் சொன்னாரு."

"அவரு எப்புடித் தம்பி?"

"இருக்காரு. இங்க ஒரு கணக்குப் பாக்குறாங்க. வயசு, பழைய வருத்தம், எத்தின நாள் காய்ச்சல், எல்லாத்தையும் கொம்பியூட்டர்ல போட்டா மௌத்தாகிற ஆபத்து நூத்துக்கு எவ்வளவு எண்டு காட்டும்."

"மௌத்துக்குக் கணக்கா?"

"அப்புடித்தான் வைங்களேன்."

கைருன்னிஸாவின் கண் வேலிப்பக்கம் போனது. நேற்று அந்த வேலியில் சாய்ந்துதான் பக்கத்து வீட்டுப் பளீலா சொன்னாள்: "நம்பர் கூடினா எரிக்கிற கடதாசிய முதலே எழுதி வெச்சிடுவாங்களாம், மச்சி." கொரோனாவில் இறந்தால் எந்த மதமென்றாலும் உடலை எரிக்கவேண்டும் என்பதே அப்போதைய சட்டம். அதற்குப் பயந்துதான் றஸீன் காய்ச்சலோடு வீட்டுக்குள்ளேயே ஒளிந்து கிடந்தான். கேட்டவர்களுக்கு இடுப்புப் பிடிப்பு என்று சொன்னார்கள். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போனா சாம்பலாத்தான் வருவன்" என்று கையைப் பிடித்துக்கொண்டான். உதடு நீலமானபோது அவனுடைய பேச்சைக் கேட்காமல், மருமகன் நௌஃபரின் ஆட்டோவில் ஏற்றினார்கள்.

"எத்தின நாள் காய்ச்சலோட வந்தாரு ராத்தா? கொண்டுவந்த பொடியன் தெரியாதெண்டுட்டான்."

ஒன்பது நாள். ஸஃப்னா உம்மாவைப் பார்த்தாள்.

"மூணு நாள்" என்றாள் கைருன்னிஸா.

"முட்டு வருத்தம் இருக்கா? மூச்சிழுப்புக்குப் பம்ப் அடிக்கிறவரா?"

"ஒரு வருத்தமும் இல்ல. கடல்ல வலை இழுக்கிற மனுசன் தம்பி."

"சரி ராத்தா. துஆ செய்ங்க."

தொலைபேசி அடங்கியதும் ஸஃப்னா, "ஏன் உம்மா..." என்று தொடங்கினாள்.

"வாய மூடு. வாப்பாவ நெருப்புல போட ஒனக்கு ஆசையா?"

அதன்பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. திருப்பிய மீனையே திரும்பவும் திருப்பினாள். காகத்தை விரட்டப் போனவள் படலையில் நின்றுவிட்டாள். ஒலி வேலை செய்கிறதா என்று மகளின் கையிலிருந்த தொலைபேசியை வாங்கிப் பார்த்தாள், கொடுத்தாள், மறுபடியும் வாங்கினாள். கடற்காற்றில் வலை படபடத்தால்கூட அழைப்பு வருகிறதென்று திடுக்கிட்டாள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு ஃபைஸல் அழைத்தான்.

"நம்பர் குறைவு ராத்தா. டொக்டரே சொன்னாரு."

"அல்ஹம்துலில்லாஹ்!" அவள் சிரித்தாள். வேலியை நோக்கிக் கத்தினாள். "மச்சி பளீலா! நம்பர் குறைவாம்!"

"நான் சொல்லல்லயா? அவரு வந்தோடன எனக்கு ஒரு கட்டாத் தல தரணும், சொல்லிட்டன்!"

"முழு மீனே தாறன்டி!"

ஃபைஸல் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். "...கட்டில் தட்டுப்பாடுதானே. நம்பர் கூடின ஒருத்தர் வந்தாரு. அதால றஸீன் நானாவக் கீழ் வாட்டுக்கு மாத்தினாங்க."

ஸஃப்னா தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தாள். "நானா, அந்தப் பெரிய ஒட்சிசன் மெசின் கீழயும் இருக்கா?"

"அது ஐ.சி.யூ.வில மட்டுந்தான் தங்கச்சி. கீழ சின்னக் குழாய் வெப்பாங்க. ஆபத்துக் கூடின ஆக்களுக்குத்தானே முதல்ல மெசின் குடுக்கணும். சரி, என்ட டியூட்டி முடிஞ்சிது, வெக்கிறன்."

வேலிக்கு அப்பால் பளீலா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். கைருன்னிஸாவின் கையிலிருந்த உப்பு மெல்ல மண்ணில் கொட்டியது.

"எடு" என்றாள். "திரும்ப எடு. ஒம்பது நாளெண்டு சொல்லு. பம்ப் அடிக்கிறவரெண்டு சொல்லு."

ஃபைஸலின் தொலைபேசி அணைந்திருந்தது. ஆஸ்பத்திரி இலக்கம் அடித்தடித்து ஓய்ந்தது. பொழுதுபட்டு மஃரிப் நேரத்தில் ஒரு பெண்குரல் எடுத்தது, சிங்களத்தில். கைருன்னிஸா தொலைபேசியைப் பறித்தாள். மீன் வாங்க வருகிறவர்களிடம் படித்த சிங்களம் அவளுடையது. மீன்களின் பெயரும் விலையும்தான் அதில் இருந்தன.

"மிஸ்... உண... தவஸ் நமயய்! துனக் நெவெய், நமயய்!" காய்ச்சல் மூன்று நாளில்லை, ஒன்பது.

"ஹரி, ஹரி. ஹெட்ட கதா கரன்ன." நாளைக்குப் பேசச் சொல்லிவிட்டு அந்தக் குரல் வைத்துவிட்டது.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியை அழைப்பதற்குள் சுகாதாரப் பரிசோதகர் வேலிக்கு வெளியே வந்து நின்றார். முகக்கவசத்தைச் சரிசெய்தார். இரண்டு பேர் போய் எட்ட நின்று கடைசியாக முகம் பார்க்கலாம் என்றார்.

ஸஃப்னா நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். கைருன்னிஸா உள்ளே போய், அலுமாரியிலிருந்து, அடக்கத்துக்குச் சுற்றும் கபன் துணியை எடுத்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி அவளுடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தான். மடியிலிருந்த பொட்டலத்தைக் காட்டி என்னவென்று கேட்டான். கூட வந்த நௌஃபர் சிங்களத்தில் சொன்னான். காவலாளி அட்டையைத் திருப்பிக் கொடுத்தான்.

"ஓக ஓன நே, அம்மே" என்றான் பிறகு, மெதுவாக.

"அது தேவையில்லையாம், மாமி."

திரும்பி வருகையில் மையவாடியின் புதைகுழிகளைத் தாண்டும்போது நௌஃபர் பழக்கத்தில் ஆட்டோவின் வேகத்தைக் குறைத்தான், பிறகு கூட்டினான். காற்று துணியின் மடிப்பை விரிக்கப் பார்த்தது. உப்பு வெடித்த கைகளால் அவள் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

படலைக்குள் புதுக் கூடை இறக்கியிருந்தது. ஈக்கள் மொய்த்தன. அவள் கூடையைச் சுற்றி நடந்து, வீட்டுக்குள் போய், அலுமாரியைத் திறந்து, துணியை எடுத்த இடத்திலேயே வைத்தாள். பக்கத்தில் றஸீனின் இரண்டு பம்ப் கிடந்தன. ஒன்றில் இன்னும் பாதி மருந்து இருந்தது.