தட்டிவிட்டு எடுத்த விரல்

ஜெயப்பிரியாவின் கணினிக்குள் இன்னொரு பொய்க் கணினி இருந்தது. பொய் விசைப்பலகை, பொய் வட்டு, பொய்க் கடிகாரம், எல்லாம் அவளே எழுதியவை. கோவில்பட்டிக்கு வெளியே பருத்திக் காட்டை ஒட்டி நிற்கும் பொறியியல் கல்லூரியில், இரண்டாமாண்டுப் பிள்ளைகள் இயங்குதளம் என்றால் என்னவென்று படிப்பதற்காக இறுதியாண்டில் அவள் செய்த வேலை அது. உண்மையான இயந்திரம் உடைந்தால் வாங்கிப்போட ஆளில்லை. பொய் இயந்திரத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் உடைக்கலாம்.

அதில் அவளுக்கு மிகவும் பிடித்தது இன்டரப்ட். ஓடிக்கொண்டிருக்கும் வேலையை மறித்து, ‘அதை விடு, முதலில் என்னைக் கவனி’ என்று வெளியிலிருந்து ஒரு சாதனம் போடும் கூப்பாடு. பொய் இயந்திரத்துக்கு ஏது வெளி? ஆகவே கூப்பாடுகளையும் அவளே வரிவரியாக எழுதினாள். கடிகாரத்தின் இந்தத் துடிப்பில் விசை அழுந்தட்டும், அந்தத் துடிப்பில் வட்டு முடியட்டும். முக்கியமான கணக்கில் இருக்கும்போது இயங்குதளம் சற்றே காதைப் பொத்திக்கொள்ளும். அப்போது வரும் கூப்பாடுகளை அவள் வரிசையில் நிறுத்திவைப்பாள். காது திறந்ததும் ஒவ்வொன்றாக உள்ளே போகும். ஒன்றுகூடத் தொலையாது. அதில் அவளுக்கு ரகசியமாக ஒரு பெருமை.

கல்லூரி விழாவுக்கு வந்திருந்த தீப்பெட்டி ஆலை முதலாளி நந்தகோபால் இதைப் பார்த்தார். அவர் ஆலையில், பெட்டிக்குள் குச்சி அடைக்கும் இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பலகை இடிமின்னலில் கருகிக் கிடந்தது.

“வெளியூர்க்காரனக் கூப்பிட்டா அவன் வாரதுக்கே ஒரு மாசம் ஆக்குதான். நீ செஞ்சு தாரியாம்மா?”

செய்து கொடுத்தாள். பாடம் சொல்ல எழுதிய அதே இயங்குதளத்தைச் சுருக்கி, உள்ளங்கை அகலப் பலகை ஒன்றில் ஏற்றினாள். சிவப்புப் பொத்தானை அமுக்கினால் இன்டரப்ட் எழும். உள்ளே போய் வரும் இரும்புத் தள்ளுகட்டை நிற்கும். முதலில் பொய் இயந்திரத்தில் அந்தப் பொத்தானை நூறு விதமாக அமுக்கிப் பார்த்தாள். நூறு முறையும் நின்றது. ஓட்டம் தொடங்கிய அன்று நந்தகோபால் எலுமிச்சம்பழம் நசுக்கி, பொத்தானுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அந்த இயந்திரத்தில் உட்காரவைத்தது ஜெயப்பிரியாவின் சித்தி வெயிலம்மாளை. அவள் இடைசெவலிலிருந்து வேன் ஏறி வந்து பல வருடமாய் அங்கே வேலை பார்ப்பவள்.

ஆடிக் காற்று கரிசல் புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்த ஒரு காலையில், குச்சி சிக்கியதை எடுக்கப் போன வெயிலம்மாளின் வலது கையைத் தள்ளுகட்டை நசுக்கிவிட்டது. உரசலில் குச்சிகளும் பற்றிக்கொண்டன. பக்கத்தில் இருந்தவர்கள் மண்ணை அள்ளிப் போட்டுத் தீயை அணைத்துத்தான் கையை வெளியே எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

“பட்டனை அமுக்காம கையை விட்டுட்டா. இவ அவசரத்துக்கு மிஷின் என்ன செய்யும்?” என்றான் போர்மேன் இசக்கிபாண்டி. அந்தச் சொல்லே ஆலையின் சொல்லாகிவிட்டது. தன் தவறு என்றால் நஷ்டஈடு கிடையாது. மறுபடி வேலையும் கிடையாது.

முதல் நாள் வெயிலம்மாள், “அமுக்கினேன்” என்றாள். அடுத்த நாள், “அமுக்கினேன்னுதான் நெனைக்கேன்” என்றாள். ஜெயப்பிரியா மூன்றாம் முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது சித்தி அவள் முகத்தையே பார்த்தபடி கேட்டாள்.

“ஏட்டி, நான் அமுக்கலையோ? எல்லாரும் சொல்லுதாங்களே, எனக்குத்தான் கிறுக்குப் பிடிச்சிட்டோ?”

“எப்படி அமுக்குவீங்க சித்தி? செஞ்சு காட்டுங்க.”

வெயிலம்மாள் இடது கை விரலால் கட்டிலின் இரும்பைத் தொட்டாள். சூடான தோசைக்கல்லைத் தொட்டுப் பார்ப்பதுபோல ஒரு தட்டு. தட்டிய வேகத்தில் விரல் திரும்பிவிட்டது.

“இப்படித்தான். எல்லாரும் இப்படித்தான். பெட்டிக்கு இவ்வளவுன்னு கூலி வாங்குதவ, பட்டனைப் பிடிச்சிக்கிட்டு நிக்க முடியுமா?”

ஜெயப்பிரியாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் எழுதிய விரலுக்கு நேரம் என்பதே இல்லை. பொய் இயந்திரத்தில் அமுக்குவது ஒரு வரி, அவ்வளவுதான். காது பொத்தியிருந்தாலும் அந்த வரி வரிசையில் காத்துக் கிடக்கும். ஆலையில் இருக்கும் பலகையில் அப்படிப் பிடித்துவைக்க யாருமில்லை. பெட்டிகளை அடுக்கும் தட்டு ஒவ்வொன்றும் நிறைந்து மாறும்போது, எண்ணிக்கையைத் திரையில் எழுத அது கண் சிமிட்டும் நேரம் காதைப் பொத்தும். அதற்குள் விரல் அமுக்கி எடுத்துவிட்டால், அப்படி ஒரு கூப்பாடு வந்ததே பலகைக்குத் தெரியாது. குச்சி சிக்குவதும் பெரும்பாலும் தட்டு மாறும் நேரத்தில்தான்.

வீட்டுக்கு வந்து பொய் இயந்திரத்தில் அந்த வரிசையை எடுத்துவிட்டு, விரலுக்கு நேரம் கொடுத்து ஓட்டினாள். அமுக்கி எடுத்தது அடையாளமில்லாமல் போயிற்று. தள்ளுகட்டை ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் நந்தகோபாலிடம் போய் நின்றாள். “அண்ணாச்சி, தப்பு என் பலகையிலதான். சித்தி அமுக்கியிருக்காவ. மிஷினை நிறுத்துங்க.”

“சித்தி மேல பாசம் இருக்க வேண்டியதுதாம்மா” என்றார் அவர். “அதுக்காக அழகா ஓடுத மிஷின் மேல பழியப் போடுதியே. தொழிற்சாலை ஆய்வாளர் வியாழக்கிழமை வாராரு. அவர்ட்டச் சொல்லு, போ.”

வியாழக்கிழமை வெயிலம்மாளும் வந்தாள். கட்டுப்போட்ட கையைக் கழுத்தோடு தொங்கவிட்டு, சுவரோரம் ஒட்டி நின்றாள். செல்பேசிகளை வாசலிலேயே வாங்கிவைத்துவிட்டார்கள்; தீப்பெட்டி ஆலையில் அது வழக்கம். ஜெயப்பிரியாவின் மடிக்கணினியை மட்டும் ஆபீஸ் அறைவரை விட்டார்கள். அதில் ஆய்வாளருக்கு ஓட்டிக் காட்டினாள்.

இசக்கிபாண்டி எட்டிப் பார்த்தான். “இதுல மிஷின் எங்கன இருக்கு? எழுத்துதான் ஓடுது.”

“இது பொய் மிஷின்னு காலேஜ்ல நீதான சொன்ன?” என்றார் நந்தகோபால்.

“பொய் மிஷின் சரியா நிக்குதுன்னுதான நிஜ மிஷின்ல போட்டீங்க? அன்னிக்கு நம்புனீங்க, இன்னிக்கு நம்ப மாட்டீங்களா?”

ஆய்வாளர், “அங்க வச்சே பாத்துருவோம்மா” என்று எழுந்தார்.

இயந்திரத்தை வெறுமனே ஓடவிட்டார்கள். ஜெயப்பிரியா பொத்தானைத் தட்டினாள். நின்றது. மறுபடி தட்டினாள். நின்றது.

“குச்சி போட்டு ஓட்டணும் சார். தட்டு நிறைஞ்சு மாறும்போதுதான் காது கேக்காது.”

“சிக்கவச்சுப் பாக்கணுங்குதாளா?” இசக்கிபாண்டி சிரித்தான். “தீப்பிடிச்சா அதுக்கு இன்னொரு கேஸ். சார், நீங்களே சொல்லுங்க, சோதனைக்குன்னு மருந்துக் குச்சி போட்டு ஓட்டலாமா?”

ஓட்டக் கூடாதுதான் என்றார் ஆய்வாளர். அவர் இன்னும் இரண்டு ஆலைகளுக்குப் போக வேண்டியிருந்தது. ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதி, வெயிலம்மாளின் இடது கைப் பெருவிரல் ரேகையை வாங்கிக்கொண்டு புறப்பட்டார். நந்தகோபால் கார்வரை கூடவே போனார்.

“ஏளா செல்வமாரி, வா. உக்காரு.” இசக்கிபாண்டி குச்சித் தட்டைத் தூக்கி வைத்தான். வெயிலம்மாளின் இடத்தில் இப்போது செல்வமாரி. போன வருடம்தான் கல்யாணமானவள். இயந்திரம் சரக்கோடு ஓடத் தொடங்கியது.

ஜெயப்பிரியா நகரவில்லை. பெட்டிகள் நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டு மாறப்போகும் சமயம் குனிந்து பொத்தானைத் தட்டிவிட்டு விரலை எடுத்தாள்.

தள்ளுகட்டை நிற்கவில்லை. போயிற்று, வந்தது, போயிற்று.

செல்வமாரி கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். இசக்கிபாண்டி பார்த்துவிட்டு, கூரையில் ஏதோ இருப்பதுபோல முகத்தைத் திருப்பினான். சுவரோரம் நின்ற வெயிலம்மாள் கிட்டே வந்தாள்.

“அமுக்குனல்லா?”

“அமுக்குனேன் சித்தி.”

“நிக்கலையே.”

“நிக்கலை.”

“அப்ப நானும் அமுக்கித்தான் இருக்கேன்.” வெயிலம்மாளுக்கு மூச்சு வாங்கியது. “எனக்குக் கிறுக்குப் பிடிக்கலை.”

ஜெயப்பிரியா பொத்தானை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள். இப்போது இயந்திரம் நின்றது. “ஒரு ஆள அனுப்பி ஆய்வாளரக் கூப்பிடுங்கண்ணே. இப்பவே காட்டிருதேன்.”

“அவரு கார் இந்நேரம் ரயில்வே கேட்டத் தாண்டியிருக்கும். கைய எடு, வேலை கெடக்கு” என்றான் இசக்கிபாண்டி.

“அப்ப இவள எந்திரிக்கச் சொல்லுங்க.”

“ஆளு எந்திரிச்சா அடுத்த ஆளு உக்காரும்.”

செல்வமாரி ஜெயப்பிரியாவைப் பார்த்தாள். “நான் உக்காரலன்னா வேலை இல்லம்பாவக்கா. நீ அதைப் பிடுங்கிப் போட்டாத்தான் உண்டு.”

“பிடுங்கட்டும், பிடுங்கட்டும்” என்றான் இசக்கிபாண்டி, மெதுவாக. “அப்புறம் எதை வச்சு யாருக்குக் காட்டுவா? மிஷினக் கெடுத்துட்டுப் போயிட்டான்னு சொல்லிருவோம்ல.”

அவன் சொன்னது அத்தனையும் சரி என்று ஜெயப்பிரியாவுக்குத் தெரிந்தது. பலகை அங்கேயே இருந்தால், என்றைக்காவது யாராவது வந்து பார்க்கலாம். அதுவரை செல்வமாரியின் விரல் தட்டிவிட்டுத் தட்டிவிட்டு உள்ளே போகும். சித்தியைத் திரும்பிப் பார்த்தாள். வெயிலம்மாளின் பார்வை செல்வமாரியின் கைகள் மேல் இருந்தது.

மெயினை அணைத்துவிட்டு, மூடியைத் திறந்து, ஒயர்களைப் பிடுங்கிப் பலகையைக் கையில் எடுத்தாள். இசக்கிபாண்டி கையை நீட்டினான். “அது முதலாளி சொத்து. இங்கன கொடு.” வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. காற்று மண்ணை வாரி இறைத்தது. வெயிலம்மாள் பேசினாள்.

“குச்சி சிக்குனா எல்லாவளும் மிஷின் நிக்குதான்னு ஒரு நொடி பாத்துட்டுத்தான் கைய விடுவா. நானும் பழைய மிஷின்ல அப்படித்தான். இது எங்க அக்கா மக செஞ்சதுல்லா, நின்னுரும்னு பாக்காமயே விட்டேன்.”



இடைசெவல் பஸ் வந்தது. ஜெயப்பிரியா சித்தியின் துணிப்பையை வாங்கப் போனாள். வெயிலம்மாள் பையைக் கட்டுப்போட்ட கையின் முழங்கைக்கு மாற்றிக்கொண்டு, இடது கையால் கம்பியைப் பிடித்து, தானே ஏறினாள்.