ஒன்றாம் எண் ஆசிலோஸ்கோப்

எங்கள் அளவைக்கூடத்தில், மின் அலையைத் திரையில் கோடாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்புகள் இரண்டு. சோவியத் காலத்தவை, ஒரே மாதிரி. ஒன்றாம் எண் ஒன்பது வருடங்களுக்கு முன் செத்தது. ஒரு வாரம் தேடியும் கோளாறு அகப்படாததால், ‘சரிசெய்ய இயலாது’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அதன்பின் இரண்டாம் எண்ணில் எது போனாலும் ஒன்றாம் எண்ணிலிருந்து கழற்றி வைத்தேன். முறைப்படி கழற்ற மூன்று கையெழுத்து வேண்டும்; மூன்றாவது ஆள் தலைநகர் பிஷ்கெக்கில் இருந்தார். ஆகவே எழுதாமலே கழற்றினேன்.

போன மார்ச்சில் ஒன்றாம் எண்ணைக் கழித்துக்கட்டக் கமிஷன் வருவதாகக் கடிதம் வந்தது. இந்தக் கருவிகளுக்கு ஒரு பாஸ்போர்ட் உண்டு. உள்ளே எத்தனை கிராம் தங்கம், எத்தனை கிராம் வெள்ளி என்று அதில் அச்சிட்டிருக்கும். கழிக்கும்போது அந்தப் பாகங்கள் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் திருட்டு வழக்கு. பழுதான பாகங்களையாவது காட்டலாமென்றால், அவற்றைப் போட்டுவைத்த டப்பா, முந்தைய ஸ்டோர்கீப்பர் வேலையை விட்டபோது அவரோடு போய்விட்டது.

ஓய்வுபெற எனக்கு இரண்டு வருடம் பாக்கி. திங்கட்கிழமை காலையில் இரண்டாம் எண்ணைத் திறந்து, ஒன்றாம் எண்ணிலிருந்து வந்த, தங்கமுலாம் பூசிய மஞ்சள் கால் வைத்த முப்பத்தொரு பாகங்களையும் பிடுங்கி, அவற்றின் பழைய இடங்களில் வைத்துப் பற்றவைக்க ஆரம்பித்தேன். உடன் வேலைபார்க்கும் ஜூரா டீயோடு வந்து நின்றாள். அண்ணனை பைகே என்றும் அக்காவை எஜே என்றும் கூப்பிடுவது எங்கள் ஊர் வழக்கம்.

“என்ன பைகே, செத்தவனுக்குப் புதுச் சட்டை போட்டு அனுப்புறீங்களா?”

“அந்த ஈயக்கம்பிய எடு. பேசாத.”

“உயிரோட இருக்கறவன் சட்டையில்ல கழட்டுறீங்க! நாளைக்கு மீட்டரெல்லாம் எதுல பாக்கறது?”

“நான் ஜெயிலுக்குப் போனா நீ எதுல வேணா பாத்துக்க.”

“போங்க பைகே, வாரம் ஒருவாட்டி போர்சோக் சுட்டு எடுத்துட்டு வரேன்.”

மாலை நான்கு மணிக்கு முடிந்தது. மூடியைப் போட்டுத் திருகினேன். சுவிட்சைப் போட்டுப் பார்க்கவில்லை. செத்த கருவியை யார் போட்டுப் பார்ப்பார்கள்?

கமிஷன் தலைவி புருல்கான் எஜே போட்டுப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வந்து, பாகங்களை எண்ணி, பாஸ்போர்ட்டோடு ஒத்துப்பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். “படிவத்துல ஒரு வரி இருக்கு, ‘எங்கள் முன்னிலையில் இயக்கினோம், இயங்கவில்லை’ன்னு. சம்பிரதாயம்தான்” என்று சொல்லி சுவிட்சைத் தட்டினார்.

திரையில் பச்சைக் கோடு வந்தது. நேராக, மெல்லியதாக, புதுக் கருவியில் வருவதைப்போல.

எங்கோ ஒரு டிரை சால்டர், பார்வைக்கு ஒட்டியதுபோல் இருந்து ஒட்டாத பற்று, இருந்திருக்கிறது. ஒன்பது வருடங்களாக எனக்கு அகப்படாத அதன்மேல், நேற்று கண்ணை மூடிக்கொண்டு புது ஈயம் வைத்திருக்கிறேன்.

“சரிசெய்ய முடியாதுன்னு எழுதுனது யாரு?” என்றார் எஜே.

“நான்தான், எஜே.”

“ஓடுற மெஷின செத்துப்போச்சுன்னு எழுதி, தங்கத்தக் கிளப்பலாம்னு பாத்தியா மெதெர்பெக்?”

ஒரு கிராம்கூடக் குறையாமல் வைத்ததற்குக் கிடைத்த கேள்வி இது. “நேத்துத்தான் எஜே ஓட ஆரம்பிச்சுது” என்றேன்.

“எத மாத்துன?”

“எதையும் மாத்தல. எல்லாத்தையும் திரும்பப் பத்தவெச்சேன்.”

எஜே என்னை உற்றுப் பார்த்தார். ஜூரா குறுக்கே புகுந்தாள். “ஒம்பது வருஷமா விடாம மல்லுக்கட்டுறாரு எஜே. வீட்டம்மா முகத்தக்கூட இவ்வளவு உத்துப் பாத்திருக்க மாட்டாரு.”

எஜே சிரித்துவிட்டார். வழக்கு அங்கேயே கலைந்தது. ஒன்றாம் எண் கழிக்கும் பட்டியலிலிருந்து நீங்கியது. இரண்டாம் எண் காகிதத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்ததால் அதை யாரும் தொடவில்லை.

வியாழக்கிழமை ஒரு வேன் வந்தது. மற்ற ஊர்க் கூடங்களில் கழிக்கவிருந்த ஏழு ஆசிலோஸ்கோப்புகளும் அதில் இருந்தன. கூடவே ஒரு கடிதம்: என் திறமையைப் பாராட்டி, ஆறு மாதத்துக்குள் இவற்றையும் சரிசெய்யும்படி. அந்த நேரம் பார்த்து, அவற்றில் ஒன்றை அனுப்பிய சொகுலுக் ஊர்க் கூடத்து ஆள் போன் செய்தார்.

“நீ நல்லா இருக்கணும்யா! எங்க தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. ஒண்ணு மட்டும் சொல்றேன். வேன்காரன் நிக்கறப்ப மூடியத் தெறக்காத.”

ஒன்றை இறக்கிப் பார்த்தேன். பதினாறு கிலோ இருக்க வேண்டியது, ஒரு கையில் வந்தது.

ஓட்டுநர் ரசீதை நீட்டினார். ‘ஏழு கருவிகளும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்.’

“சீக்கிரம் போடுங்க பைகே, வண்டிய மதியத்துக்குள்ள கொண்டுபோய் விடணும்.”

திறந்து பார்த்துத்தான் வாங்குவேன் என்று சொல்லலாம். சொன்னால், எங்கள் இரண்டாம் எண்ணையும் திறந்து காட்டு என்பார்கள். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.