குருசுக்குப்பத்தில் ஒரு படியை உடைத்த கதை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளக் கதை எழுதத்தான் உட்கார்ந்தேன். புயல் மழை கொட்டித் தீர்த்த மறுநாள் புதுச்சேரியில் வேறென்ன எழுதுவது? முதல் வரியும் தயார்: ‘குருசுக்குப்பத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு தொட்டில்—’

வேண்டாம். தொட்டிலில் கிடக்கிற பச்சைக் குழந்தை என்ன பாவம் செய்தது? அந்த வரியை அடித்துவிட்டேன்.

2

மறுபடி தொடங்குகிறேன். சந்திரகலா நகராட்சியில் இளநிலைப் பொறியாளர். முன்பு ஒரு வாரம் பெய்த மழை இப்போது ஒரே நாளில் கொட்டுகிறதா, வாய்க்காலை அகலப்படுத்தும் வேலை அவர் தலையில் விழுந்தது. வாய்க்கால்மேல் வீட்டுக்கு வீடு சிமெண்டுப் படி. (கோலம் போட, மீன் ஆய, வம்பு பேச எல்லாவற்றுக்கும் அதுதான் இடம்.) அடியில் குப்பை அடைத்து, தண்ணீர் வீட்டுக்குள் திரும்பிவிடும்.

படிகளை உடைக்க ஆளோடு சந்திரகலா போனால், மீன் விற்கும் தனக்கொடி தன் படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். உள்ளே நிறைமாதத்தில் மகள் வினோதா.

“இத ஒடச்சா தண்ணி உள்ள வராதா?”

“வராதுக்கா. நான் சொல்றேன்.”

“வந்துச்சு, பச்சப்புள்ளயத் தூக்கினு நேரா உங்க ஆபீசுக்குத்தான் வருவேன். பாத்துக்கங்க!”

படி உடைந்தது. பெண் குழந்தை பிறந்தது. அப்புறம் புயல் வந்தது.

3

மழை விட்ட காலை. அலுவலக வாசலில் சந்திரகலா ஸ்கூட்டரை நிறுத்துகிறார். எதிரே தனக்கொடி, கையில் துணி சுற்றிய குழந்தை. போச்சு! எந்தத் தைரியத்தில் வாக்குக் கொடுத்தோம்?

(இங்கே இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். முதலாவதை எழுத மனசு வரவில்லை.)

“அக்கா... தண்ணி...”

“எங்க வந்துச்சு? கடகடன்னு கடலுக்கு ஓடிப்போச்சு. புள்ளைக்கு ஊசி போட்டுட்டு வரேன். வருவேன்னு சொன்னேன்ல, வந்துட்டேன். புடிங்க!”

அப்பாடா! இது சந்திரகலா விட்ட மூச்சு. என்னுடையதும்தான். வெள்ளம் இல்லாமல் கதை நொண்டுகிறதா? நொண்டட்டும்.

“ஆனா படி இல்லாம இவளத் தூக்கினு வாய்க்காலத் தாண்டறதுக்குள்ள உசுரு போவுது. அதுக்கு என்னா பண்ணப் போறீங்க?”

4

சந்திரகலாவின் பதிலை நான் எழுதப்போவதில்லை. அவர் இரண்டு கையிலும் குழந்தை. வேறெதுவும் காதில் ஏறவில்லை. அந்த வாசலுக்கு நீங்களே ஒரு படி போட்டுக்கொடுங்கள். மரமோ கல்லோ, உங்கள் இஷ்டம். ஒன்று மட்டும்: அடைப்பெடுக்க ஆள் வந்தால் தூக்கி ஓரமாக வைக்கிற மாதிரி இருக்கட்டும். மழை இன்னும் வரும்.