சால்ட் டிரக் குழுவுக்கு வாரம் ஒருவர் கூடிய விவரம்

சால்ட் டிரக் என்ற இசைக்குழுவின் முதல் கச்சேரிக்கு ஒருவர் வந்தார், இரண்டாவதற்கு இரண்டு பேர், மூன்றாவதற்கு மூன்று பேர். கனடாவின் தண்டர் பே ஊரில் இந்தக் கணக்கு நான்கு வருடங்களுக்குமேல் ஒரு தடவைகூடப் பிசகவில்லை. ஒரு முறை வந்தவர் அடுத்த ஞாயிறு வராமலிருக்கவும் முடியவில்லை. குழுவில் மூன்று பேர். கிதார் வாசித்துப் பாடியவள் டோரீன் ஹாக்கலா, ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கும் அலுவலகத்தில் நான்காம் ஜன்னலில் வேலை. டிரம்ஸ் அடித்த நெஸ்டர் போபிக் சித்தப்பாவின் டயர் கடையில் இருந்தான். பேஸ் கிதார் வாசித்த லாயிட் நபிகன் பள்ளிப் பேருந்து ஓட்டினான். பிள்ளைகளை எண்ணி ஏற்றி எண்ணி இறக்கிப் பழகியவனாதலால் கூட்டத்தையும் அவன்தான் எண்ணினான். குளிர்காலத்தில் பனி உருகச் சாலைக்கு உப்புத் தூவிப் போகும் லாரியைப் பார்த்து வைத்த பெயர்தான் சால்ட் டிரக். அப்போது எந்த ரெக்கார்டு கம்பெனியும் அவர்களைத் தேடவில்லை. சொந்தப் பாட்டை மட்டுமே பாடுவது என்றிருந்ததால் அவர்களும் எந்தக் கம்பெனியையும் தேடவில்லை. படைவீரர் சங்கக் கூடத்தில் வெள்ளிக்கிழமை அம்பெறியும் டார்ட் போட்டிக்கும் சனிக்கிழமை கௌபாய் தொப்பி போட்ட பாட்டுக்காரர்களுக்கும் போக, மிச்சமிருந்தது ஞாயிறு மதியம் மூன்று மணி.

1997 அக்டோபரில் முதல் ஞாயிறு வந்தவர் எல்மர் விக்ஸ்ட்ராம். பாட்டுக் கேட்க வரவில்லை, முந்தைய நாள் ஒரு துக்க வீட்டுக் கூட்டத்துக்குக் கொடுத்த காபிப் பாத்திரத்தைத் திரும்ப எடுக்க வந்தார். பாத்திரத்தைக் கையில் வைத்தபடியே ஒன்றரை மணி நேரம் நின்றார். அடுத்த வாரம் அவரோடு இன்னொருவர். நண்பர்கள் நான்கு பேராகக் கிளம்பினாலும் கதவைத் தாண்டியது ஒருவர்தான். ஒருவர் கார் கிளம்பாது, ஒருவருக்கு வாசலில் நின்றபோது அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகம் வரும், ஒருவருக்கு மூக்கில் ரத்தம் வரும். குழுவுக்கு இதில் வருத்தமில்லை. ஒரு பக்கம் வின்னிபெக் எட்டு மணி நேரம், மறு பக்கம் டொராண்டோ பதினாறு மணி நேரம் என்று நடுவில் கிடக்கும் ஊரில், சொந்தப் பாட்டுக்கு இருபது பேர் சேர்வது லேசான காரியமல்ல. இருபத்து மூன்றாவது வாரம் எல்மர் ஆஸ்பத்திரி அங்கியோடு, சலைன் பாட்டில் தொங்கும் கம்பியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றபோதுதான் விஷயம் புரிந்தது. இரண்டரை மணிக்குக் கால்கள் தாமாக எழுந்துகொள்கின்றன என்றார் அவர். மற்றவர்கள் ஆமாம் என்றார்கள். எல்லோருமே அது தனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நாற்பத்தொன்றாவது ஆள் இவோன் தெரியோ. பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்கிறவள். திங்கட்கிழமை வான்கூவருக்குக் குடிபோக வேண்டியவளை ஒரு தோழி ஞாயிறன்று இழுத்து வந்தாள். தோழியைக் கூடத்து வாசலில் குளவி கொட்டியது. ஐஸ் கேட்கப் போன இவோன் உள்ளேயே நின்றுவிட்டாள். திங்களன்று விமானம் ஏறினாள். சனிக்கிழமை இரவு அவள் கால்கள் பெட்டிகூட எடுக்காமல் அவளை வான்கூவர் விமான நிலையத்துக்கு நடத்திப் போயின. மூன்று வாரம் இப்படிப் போய் வந்ததும் அங்கே அவள் சேர்ந்திருந்த வேலையை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். தண்டர் பேயில் காலி செய்த அறைக்கே இவோன் திரும்பினாள். அதிலிருந்து காதில் மெழுகு அடைத்துக்கொண்டு, மேடைக்கு முதுகைக் காட்டி, பின்சுவரில் போரில் இறந்தவர்களின் பெயர்ப்பலகையைப் பார்த்தபடியே நிற்பாள். மற்ற எல்லோரும் கைதட்டினார்கள். அவர்களாகத் தட்டுகிறார்களா, கால்களைப் போலக் கைகளும் தாமாகத் தட்டுகின்றனவா என்று டோரீனுக்குத் தெரியவில்லை. அந்தக் கூடத்தில் அவள் நிச்சயமாக நம்பியது அந்த ஒரு முதுகைத்தான்.

கூட்டத்தை விடுவித்துவிடலாம் என்று நினைத்து 1999 ஜனவரியில் ஒரு ஞாயிறு கச்சேரியை நிறுத்தினார்கள். பூட்டிய கதவுக்கு முன்னால், பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொரு டிகிரிக் குளிரில், அறுபத்தைந்து பேர் ஒன்றரை மணி நேரம் நின்றார்கள். எல்மருக்குக் கால் சுண்டுவிரல் போயிற்று. அன்றைக்கும் ஒருவர் கூடினார்: நாயோடு அந்தப் பக்கமாக நடந்து வந்தவர். நாய் கணக்கில் வரவில்லை. அதன்பிறகு குழு ஒரு ஞாயிறும் தவறவில்லை. வெளியூரில் வாசித்தால் மாறும் என்று நெஸ்டர் அடம்பிடித்ததால் வின்னிபெக் போனார்கள். இரண்டு பேருந்து பிடித்து எல்லோரும் பின்னாலேயே வந்தார்கள், சிறுநீரகம் பழுதாகி ரத்தம் சுத்தம் செய்துகொள்ளும் அம்மாள் உட்பட. அந்த ஊரில் கூடிய ஒரே ஆள் ஒரு முடிதிருத்துபவர். கொஞ்ச காலம் வாராவாரம் எட்டு மணி நேரம் ஓட்டி வந்து பார்த்தார், பிறகு கடையை விற்றுவிட்டு இங்கேயே வந்துவிட்டார். ஒப்பந்தத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டொராண்டோவிலிருந்து வந்த கம்பெனிக்காரர் நூற்றுப் பத்தொன்பதாவது ஆள். அவர் இப்போது இதே ஊரில் வீட்டுச் சூடேற்றிகளுக்கு வடிகட்டி விற்கிறார். நெஸ்டர் ஆல்பர்ட்டாவில் எண்ணெய் வயல் வேலைக்குப் போனான்; முதல் ஞாயிறே திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். யாரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை.

2000 ஏப்ரலில் ஒரு நாள் காலை, உரிமம் புதுப்பிக்க இவோன் நான்காம் ஜன்னலுக்கு வந்தாள். டோரீன் தலை நிமிராமல் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

“முகவரி ஏதும் மாறியிருக்கா?”

“நீங்க விட்டாத்தானே மாறும்.”

டோரீன் நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு வருடத்தில் அந்த முகத்தை அவள் சரியாகப் பார்த்தது அப்போதுதான். “நான் யாரையும் கட்டி வைக்கல. நானும் அங்கதான நிக்கிறேன்” என்றாள்.

“நீங்க மேடையில நிக்கிறீங்க. நான் செத்தவங்க பேரப் படிச்சுக்கிட்டு நிக்கிறேன். ரெண்டும் ஒண்ணா?”

பின்னால் வரிசை நீண்டது. டோரீன் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யாரிடமும் கேட்காததைக் கடைசியில் அவளிடம் கேட்டாள்.

“பாட்டு அவ்ளோ மோசமாவா இருக்கு?”

இவோன் பதில் சொன்னபோது குரலில் பழைய சூடு இல்லை. “மத்ததெல்லாம் பரவால்ல. மூணாவது பாட்டுல பொய் சொல்றீங்க. அப்பா போயிட்டாருன்னு அழுவுற மாதிரி பாடுறீங்க. உங்களுக்கு அழுகையே வரல, ஆத்திரம்தான் வருது. தொண்ணூறு தடவ கேட்டாச்சு, மெழுக மீறிக் கேக்குது.”

போட்டோ எடுக்கக் கோட்டில் நில்லுங்கள் என்றாள் டோரீன்.

டோரீனின் அப்பா சாகவில்லை. அவளுக்குப் பதினோரு வயதில், தானியக் கிடங்கில் வேலை முடிந்ததும் நேராகப் பேருந்து ஏறி, ரெஜைனாவில் வேறொரு குடும்பத்துக்குப் போய்விட்டவர். பாட்டில் அவரை ஏரியில் மூழ்கடித்திருந்தாள். அதை அவள் மாற்றத் தொடங்கினாள். ஒன்றரை வருடம் பிடித்தது. ஞாயிறன்று ஒரு வரி மாறும். செவ்வாயன்று மதிய உணவு நேரத்தில் இவோன் ஜன்னலுக்கு வந்து, “இன்னும் அழுவுற” என்று சொல்லிவிட்டுப் போவாள். எப்போதிலிருந்து நீ என்று பேச ஆரம்பித்தார்கள் என்பது இருவருக்கும் ஞாபகமில்லை. ஒரு தடவை டோரீன் தன் சாண்ட்விச்சில் பாதியைக் கொடுத்தாள். இவோன் நின்றபடியே தின்றுவிட்டு, ரெண்டாவது சரணத்தில் அப்பா ஏறிய பேருந்தின் எண்ணைச் சொல், அது உனக்குத் தெரியும் என்றாள். டோரீனுக்கு அது தெரிந்துதான் இருந்தது.

2001 நவம்பர் கடைசி ஞாயிறு, இருநூற்றுப் பதினேழு பேர் நிற்க, டோரீன் மூன்றாவது பாட்டைப் பேருந்து எண்ணோடு பாடினாள். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது, அழகாக உடையவில்லை. இவோன் திரும்பவில்லை. கையை உயர்த்திக் காதிலிருந்து மெழுகை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். அடுத்த ஞாயிறு புதிதாக ஒருவர் வந்தார், லாயிட் இரண்டு முறை எண்ணினான், இருநூற்றுப் பதினேழுதான். பெயர்ப்பலகைக்கு முன்னால் யாருமில்லை. ஒன்பது நாள் கழித்து நான்காம் ஜன்னலுக்குத் தபாலில் முகவரி மாற்றக் கடிதம் வந்தது. வான்கூவர். அதில் வேறு ஒரு வார்த்தையும் இல்லை. டோரீன் முத்திரை குத்தினாள், கழிப்பறைக்குப் போய்க் கால் மணி நேரம் இருந்துவிட்டு வந்தாள். செய்தி பரவியதும் சிலர் தாங்களும் முதுகைக் காட்டி நின்று பார்த்தார்கள், சிலர் மெழுகு வாங்கினார்கள். யாருக்கும் பலிக்கவில்லை.

கடிதம் வந்த வாரத்து ஞாயிறு மதியம் டோரீனின் கால்கள் சும்மா இருந்தன. காரை எடுத்துக் கிழக்கே ஓட்டினாள். இரண்டரை மணிக்கு நிப்பிகனில் ஒரு பெட்ரோல் நிலையத்து உணவகத்தில் உட்கார்ந்து, குழம்பு ஊற்றிய உருளைக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டிருந்தாள். கால்கள் மேசைக்கடியில் அசையவேயில்லை. இந்த நாளை நான்கு வருடமாக விதவிதமாக நினைத்துப் பார்த்திருந்தாள். வந்தபோது, ஆள் இல்லாத வீட்டில் கதவைத் திறந்தது போலிருந்தது. இதே சாலையில் போய்க்கொண்டேயிருந்தால் யாரும் தடுக்க மாட்டார்கள். தட்டைக் காலி செய்தாள். சுவர்க் கடிகாரத்தில் மூன்று அடித்தபோது எழுந்து, காரை அவளே மேற்கே திருப்பினாள்.

கூடத்துக்கு வந்தபோது மணி நாலே கால். நெஸ்டர் ஒற்றை ஆளாக ஒரு மணி நேரமாக டிரம்ஸ் அடித்துச் சட்டையெல்லாம் நனைந்திருந்தான். எல்லோரும் இருந்தார்கள். எந்தப் பள்ளத்தில் சறுக்கினாய் என்று எல்மர் கேட்டார். அவள் பனி என்றாள். லாயிட் அவள் கிதாருக்கு வயரைச் செருகிக் கொடுத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டான்.

“எது வரைக்கும் போன?”

“நிப்பிகன்” என்றாள் அவள்.

“நான் அதத் தாண்டி வாவா ஊர் வரைக்கும் போனேன். ரெண்டு வருஷம் ஆச்சு. பஸ் ரிப்பேர்னு சொல்லி லேட்டா வந்தேனே, அன்னிக்கு.” அவள் அவனையே பார்ப்பதைக் கண்டு, “சத்தமா சொல்லி வைக்காத. மூணாவது தந்தி எறங்கியிருக்கு, பாரு” என்றான்.

டோரீன் தந்தியை முறுக்கியபடி கூட்டத்தைப் பார்த்தாள். முடிதிருத்துபவர், வடிகட்டி விற்பவர், நாய்க்காரர், சிறுநீரகத்து அம்மாள், காபிப் பாத்திரத்தோடு எல்மர். யாரை எப்போது கால்கள் விடுவித்தன என்று எந்த முகத்திலும் எழுதியிருக்கவில்லை. கதவருகே, பனி ஒட்டிய பூட்ஸோடு புதிதாக ஒரு பெண் வந்து நின்று, ஏன் வந்தோம் என்பதுபோலக் கையிலிருந்த கார்ச் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லாயிட் எண்ணி முடித்து, இருநூற்றுப் பத்தொன்பது என்றான். நெஸ்டர் குச்சிகளை நான்கு தட்டுத் தட்ட, முதல் பாட்டைத் தொடங்கினார்கள்.