கழுதைக்கு எத்தனை விரல்

டொகுஜி ஒரு ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவன். ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்வான்? அவனுடைய இடது கையில் சுண்டுவிரல் இல்லை. டோக்கியோவில் ஒருத்தனுக்குச் சுண்டுவிரல் இல்லையென்றால், அவன் ரவுடிக் கூட்டத்தில் இருந்தவன், ஏதோ தப்புச் செய்து தலைவனிடம் விரலை வெட்டிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டவன் என்று ஊரே முடிவுகட்டிவிடும். வாய் திறந்து ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். கேட்பது மரியாதையில்லையாம். கேட்டால்தானே ஐயா பதில் சொல்ல முடியும்?

நடந்தது இவ்வளவுதான். வடக்கே அஒமோரியில், ஆறு வயதில், குதிரைக்கு வைக்கோல் நறுக்கும் கத்தியில் கையை வைத்துவிட்டான். அவ்வளவுதான் கதை. முப்பத்திரண்டு வருஷமாக அந்தக் கதையைச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை.

முன்பு வேலை பார்த்த பட்டறையில் முதலாளி ஒருநாள் அந்தக் கையைப் பார்த்துவிட்டார். மறுநாள் காலை ஒரு பெட்டி இனிப்பைக் கையில் கொடுத்து, குனிந்து வணங்கி, இனிமேல் வரவேண்டாம் என்று அனுப்பிவைத்தார். இனிப்பு நன்றாகத்தான் இருந்தது. அதிலிருந்து டொகுஜிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இப்போது டோக்கியோவின் கட்சுஷிகா பகுதியில் குவானோ என்பவரின் தகரப் பொம்மைப் பட்டறையில் எட்டு மாதமாக இருக்கிறான். தகரத்தின் விளிம்பு கையைக் கிழிக்கும் என்பதால் அங்கே எல்லோரும் பருத்திக் கையுறை போடுவார்கள். டொகுஜியின் மனைவி ஃபுசாயே இடது கையுறையின் சுண்டுவிரலில் பஞ்சை அடைத்துத் தைத்துக் கொடுத்திருந்தாள். ஐந்து விரலும் கணக்காக இருக்கும். சாப்பாட்டு வேளையிலும் அவன் அதைக் கழற்றியதில்லை. குளிர் உடம்பு என்று ஒரு பொய்.

குளிக்க மட்டும் நான்கு தெரு தள்ளியிருந்த பொதுக் குளியலறைக்குப் போவான். பட்டறை ஆட்கள் அந்தப் பக்கம் வர மாட்டார்கள். அங்கே அவன் வெந்நீர்த் தொட்டியில் இறங்கினால் மற்றவர்கள் மரியாதையாக ஒதுங்கி இடம் விடுவார்கள். ஒருமுறை ஒரு பெரிய மீன் வியாபாரி எழுந்து தன் முக்காலியையே கொடுத்துவிட்டார். ராஜ உபசாரம்தான். ஆனால் எட்டு மாதத்தில் ஒரு ஆள்கூட அவனிடம் மழை வருமா என்று கேட்டதில்லை.

அங்கே உடை மாற்றும் கூடத்தில் ஒரு டெலிவிஷன் பெட்டி இருந்தது. மாலை ஆறு மணிக்கு அமெரிக்கக் கார்ட்டூன். தபால்காரக் கழுதை ஒன்று. எந்த வீட்டுக்குப் போனாலும் தப்பான பார்சலைக் கொடுக்கும், பார்சல் வெடிக்கும், கழுதை கருகி நிற்கும், மறுபடி பையை மாட்டிக்கொண்டு கிளம்பும். பிள்ளைகள் அதற்கு ரோபா-சான் என்று பெயர் வைத்திருந்தார்கள்; அவர்கள் பேச்சில் ரோபா என்றால் கழுதை, சான் மரியாதைக்கு. ஆறு மணியானால் தொட்டியில் ஆளே இருக்காது. இடுப்பில் துண்டோடு பெரிய மனிதர்கள்கூட ஈரம் சொட்டச் சொட்ட வந்து நிற்பார்கள். எல்லோருக்கும் பின்னால், தூணோரமாக, டொகுஜி. முதல் நாளே அவன் கண்ணில் பட்டுவிட்டது: வெள்ளைக் கையுறை போட்ட அந்தக் கழுதைக்குக் கைக்கு நான்கே விரல். இரண்டு கையிலும் நான்கு. நரிக்கும் நான்கு, போலீஸ்கார நாய்க்கும் நான்கு. அந்த ஊரில் யாரும் யாரைக் கண்டும் ஒதுங்கவில்லை. அன்றைக்கு அவன் வீட்டுக்கு நடந்த நடையே வேறு.

இப்படியிருக்க, அந்த வருஷக் கோடையில் குவானோவுக்கு ஓர் அமெரிக்க ஆர்டர் வந்தது. அதுவரை காரும் ரயிலும் செய்த பட்டறை; முதன்முதலாக ஒரு கார்ட்டூன் பொம்மை. எது தெரியுமா? ரோபா-சானேதான். சாவி கொடுத்தால் பையோடு நடக்கிற கழுதை, ஐயாயிரம். அமெரிக்காவிலிருந்து ஒரே ஒரு தாள் வந்தது. கழுதை ஒரு கையால் பையைப் பிடித்துக்கொண்டு, மறு கையைத் தூக்கிக் காட்டி நிற்கும் படம்.

அச்சுத் தகடு வரைகிறவர் ஓனுகி. வாய்க்கொழுப்பும் கைத்திறனும் ஒரே அளவில் உள்ள மனிதர். அவர் அந்தத் தாளைப் பார்த்தார், எண்ணினார், முதலாளியைக் கூப்பிட்டார். பாவம், அமெரிக்காக்காரன் அவசரத்தில் ஒரு விரலை மறந்துவிட்டான் என்று இருவரும் முடிவுக்கு வந்தார்கள். கடிதம் எழுதிக் கேட்டால் அந்த ஓவியனுக்கு அவமானம். ஆகவே பெரிய மனதோடு, சத்தமில்லாமல், ஐந்தாவது விரலை ஓனுகியே போட்டுவிட்டார். அழகான விரல், நகக்கோடு வரை பார்த்துப் பார்த்துப் போட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் கழுதைப் படம் அச்சிட்ட சோதனைத் தகரம் டொகுஜியின் மேசைக்கு வந்தது. பார்த்ததும் எண்ணினான்: தூக்கிய கையில் ஐந்து விரல். மறுநாள் காலை ஐயாயிரமும் அச்சேறும். போன வருஷம் பக்கத்துத் தெருப் பட்டறை ஒன்று தொப்பியின் நிறம் மாறிப்போனதற்காக மொத்தச் சரக்கும் திரும்பி வந்து இழுத்து மூடியது எல்லோருக்கும் தெரியும். சொல்ல வேண்டும். ஆனால் விரலைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லார் கண்ணும் எங்கே போகும்? மறுபடி ஒரு பெட்டி இனிப்பு வாங்க அவன் தயாராக இல்லை.

அன்றிரவு வீட்டில் சுட்ட மீனைத் தொடாமல் உட்கார்ந்திருந்தவனிடம் ஃபுசாயே விஷயத்தைக் கறந்துவிட்டாள். கேட்டு முடித்ததும் அவன் தட்டிலிருந்த மீனைத் தன் தட்டுக்கு நகர்த்திக்கொண்டாள்.

"சொன்னா உங்க வேலை போகும். சொல்லாட்டி பன்னெண்டு பேர் வேலை போகும், அதுல நீங்களும் உண்டு. இதுல யோசிக்க என்னங்க இருக்கு?"

கணக்கு சரிதான். ஆனால் கையுறையைக் கழற்றப் போவது அவள் இல்லையே.

காலையில் அச்சு இயந்திரம் சூடாகிக்கொண்டிருந்தது. டொகுஜி முதலாளி முன் போய் நின்று, ரோபா-சானுக்கு நான்கு விரல்தான் என்று சொன்னான். குரல் அவனுக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை சொன்னான். குவானோ சிரித்துவிட்டார். அவர் வீட்டுப் பிள்ளைகளும் அதைத் தினம் பார்க்கிறார்களாம், ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்லையாம். ஓனுகிக்கோ சுருக்கென்று தைத்துவிட்டது.

"முப்பது வருஷமா தகரத்துல உருவம் போடறேன். விரல் எண்ண நீ வந்து சொல்லிக் கொடுக்கப்போறியா? கார்ட்டூன் பாக்கறப்ப எவன்டா விரலைப் போய் எண்ணுவான்?"

டொகுஜி மேசையருகே வந்தான். இடது கையுறையைக் கழற்றினான். பஞ்சு அடைத்த விரல் விறைப்பாக நிற்க அதை மேசைமேல் வைத்தான். பக்கத்தில் தன் கையை விரித்து வைத்தான்.

"நான் எண்ணுவேன் அண்ணே," என்றான். "யாரைப் பார்த்தாலும் எனக்கு முதல்ல கைதான் கண்ணுல படும்."

பட்டறை ஆட்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். ஒருத்தன் மெல்ல ஓரடி பின்னால் போனான். குவானோ கையுறையைப் பார்த்தார், கையைப் பார்த்தார், மறுபடி கையுறையின் தையலைப் பார்த்தார். பிறகு, அந்த ஊரில் யாரும் செய்யாத காரியத்தைச் செய்தார்.

"எப்படிப்பா போச்சு?"

முப்பத்திரண்டு வருஷமாக டொகுஜி தயாராக வைத்திருந்த பதில் அந்த நேரம் பார்த்துக் கலைந்துபோய் வந்தது. குதிரை, வைக்கோல், கத்தி, ஆறு வயது, அம்மா போட்ட சத்தம்.

"அவ்வளவுதானா?" என்றார் ஓனுகி. முகத்தில் நிஜமான ஏமாற்றம். "வைக்கோலா? நான் என்னென்னமோ நெனச்சு, உன்னை எவன்டான்னு கேட்டதுக்கு என் விரலும் போச்சுன்னு இல்ல பயந்துட்டேன்!"

பின்னால் யாரோ களுக்கென்று சிரிக்க, அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. டொகுஜியும் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளாமலே சிரித்தான்.

ஆனாலும் ஓனுகி விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. கண்ணால் பார்க்காமல் தகட்டைத் தொட மாட்டேன் என்றார். குவானோ இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். மாலை ஐந்தரைக்குப் பட்டறையே திரண்டு, தோளில் துண்டோடு, டொகுஜியின் குளியலறைக்குப் புறப்பட்டது. நான்கு விரல்காரன் பன்னிரண்டு பேரோடு வருவதைக் கண்டு அங்கிருந்தவர்களுக்குப் பாதி உயிர் போய்விட்டது. மீன் வியாபாரி முக்காலியோடு எழுந்தேவிட்டார். நீங்க உட்காருங்க, நாங்க ஒரு கழுதையோட விரலை எண்ண வந்தோம் என்று டொகுஜி சொல்ல, அவர் இன்னும் மிரண்டார்.

ஆறு மணிக்குக் கழுதை வந்தது. பாழாய்ப்போன கழுதை ஓடிக்கொண்டே இருக்கிறது, கையை ஒரு நொடி நிறுத்திக் காட்ட மாட்டேன் என்கிறது. ஓனுகி பெட்டிக்கு ஒரு சாண் தூரத்தில் மூக்கை நீட்டி நின்றார். பிள்ளைகள் மறைக்கிறது மறைக்கிறது என்று அவருடைய துண்டைப் பிடித்து இழுத்தார்கள். கடைசியில் பார்சல் வெடித்தது. கருகிப்போன கழுதை திரைக்கு நேராக இரண்டு கைகளையும் விரித்து நின்றது. கூடமே எண்ணியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மறு கையிலும் நான்கு.

முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண் திரும்பி டொகுஜியின் கையைப் பார்த்தாள். பார்வையை விலக்கவில்லை.

"ரோபா-சான் கை!" என்றாள், பொறாமையோடு.

அவளுடைய அப்பா பதறி அவள் வாயைப் பொத்தப் போனார். பரவாயில்லை, விடுங்க என்றான் டொகுஜி. கையை அவள் பக்கம் நீட்டி, விரித்து, மடக்கிக் காட்டினான்.

மறுநாள் காலை அவன் மேசைமேல் இனிப்புப் பெட்டி எதுவும் இல்லை. ஓனுகிதான் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, பென்சிலோடு காத்திருந்தார். ஐந்தில் ஒன்றை வெறுமனே அழித்தால் இடையில் சந்து விழுகிறதாம், அமெரிக்கத் தாளிலுள்ள கையோ பட்டாணி அளவாம், நான்கு விரல் விரிந்தால் எப்படி நிற்கும் என்று அவர் கைக்கு வரவில்லையாம். இதைச் சொல்ல அவர் பட்ட பாடு இருக்கிறதே, பார்க்கச் சகிக்கவில்லை.

"கொஞ்சம் கையைத் தூக்கிக் காட்டு," என்றார், தாளை விட்டு நிமிராமல். "இடது கையை."

டொகுஜி தூக்கிக் காட்டினான். மதியச் சங்கு ஊதும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தான், தோள்பட்டை கடுத்ததுகூடத் தெரியவில்லை. அந்த இலையுதிர் காலத்தில் ஐயாயிரம் கழுதைகள் அவன் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறின.