மீசைக்கு அடியில்

மலையாண்டி கண்டக்டராக இருந்த காலத்தில் விசில் என்று ஒன்றை வாங்கியதே இல்லை. கீழுதட்டை மடித்து அவர் விடும் சீழ்க்கைக்குத்தான் காரைக்குடி வண்டி நிற்கும், கிளம்பும். பள்ளத்தூரில் விசாலம் டைப்ரைட்டிங் வகுப்புக்குத் தாமதமாக ஓடிவரும் நாட்களில், அவள் ஏறும்வரை சீழ்க்கை கேட்டுக்கொண்டே இருக்கும், வண்டி மட்டும் நகராது. ஏறியதும் முறைப்பாள். முறைத்து முறைத்தே கல்யாணத்தில் போய் நின்றது. என்ன காலம் அது!

அந்த உதட்டில்தான், பீடி குடித்த பாவத்துக்கு, போன வருஷம் புற்றுநோய் வந்தது. மதுரையில் வெட்டித் தைத்தார்கள். உயிர் தங்கியது, சீழ்க்கை போயிற்று. ஊதினால் வெறும் காற்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொன்னார் டாக்டரம்மா. இவரோ, தைப்பூசத்துக்குப் பழனி நடந்து முடி இறக்கும்வரை முகத்தில் கத்தி படாது என்று முருகனுக்கு நேர்ந்துகொண்டார். மீசை வளர்ந்து உதட்டையே மூடிவிட்டது. இரண்டு தவணை தப்பிப்போயிற்று.

“முருகன் கொணமாக்குனத டாக்டர வச்சுச் சோதிக்கவா?” என்பார்.

கார்த்திகையில் ஒரு காலை, அவர் முகம் துடைத்த துண்டில் ரத்தப் பொட்டு இருந்தது. விசாலம் அதை அவர் முன் விரித்துக் காட்டினாள்.

“ஒண்ணுமில்ல விசாலம், முடி குத்தியிருக்கும்.”

“முருகன் முடியத்தான கேட்டாரு? குன்றக்குடியில இருக்கவரு வேற ஆளா? இன்னைக்கே அங்க எறக்குங்க, அப்படியே மதுரைக்குப் போவோம்.” கத்தத் தொடங்கியவள் அழுதுவிட்டாள். “என்னயத் தனியா விட்டுட்டுப் போகப் பாக்குறீகளா?”

அவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

குன்றக்குடியில் மீசை இறங்கியதும், தையல் தடத்தின் ஓரத்தில் மிளகளவு புண் தெரிந்தது. கண்ணாடியில் அவரும் பார்த்தார்.

மதுரையில் சதை எடுத்துச் சோதித்ததில், பழையதே திரும்பியிருந்தது. “கழுத்துக்குப் பரவல. பூசம் வரைக்கும் விட்டிருந்தா இவ்வளவு தைரியமாப் பேசியிருக்க மாட்டேன்,” என்றார் டாக்டரம்மா. மறுபடி வெட்டினார்கள். பழனி அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போனது. முருகன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

மூன்று மாதம் கழித்து, ஆஸ்பத்திரி ஃபைலோடு மலையாண்டி முன்னதாகவே பஸ் ஏறிவிட்டார். வீட்டைப் பூட்டிவிட்டு விசாலம் தெருமுனைக்கு வரும்போதே கண்டக்டர் விசில் ஊதிவிட்டான். படியில் நின்ற மலையாண்டி உதட்டை மடித்து ஊதினார். காற்றுதான் வந்தது. ஆனாலும் அவள் வந்து சேரும்வரை ஊதிக்கொண்டே இருந்தார். டிரைவர் கண்ணாடியில் அதைப் பார்த்தார். வண்டி நகரவில்லை.

ஏறியதும் விசாலம் முறைத்தாள்.